கூர்க்கா வீட்டுத் தேயிலை: ஒரு வேண்டுகோள்



கூர்க்கா என்றதும் நம் ஊரில் நினைவுக்கு வருபவர், இரவில் விசில் ஊதித் தெருவைச் சுற்றிவரும் காவலாளி. எங்களுக்கு அந்தச் சொல் வேறு. நாங்கள் சிக்னல், மருத்துவம், வண்டிப் பழுது என்று ராணுவத்தின் பல பிரிவுகளில் சேர்ந்து, கூர்க்கா பட்டாலியன்களோடு பனிமலைகளில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற தமிழர்கள். அவர்கள் சாப்பிட்ட பருப்பும் சோறும்தான் எங்களுக்கும். மூத்தவர்களைத் ‘தாஜு’ என்று அழைத்தோம். அவர்கள் மொழியில் அண்ணன்.

11ஆம் கூர்க்கா ரைபிள்ஸுக்கு ஆட்கள் வருவது பெரும்பாலும் கிழக்கு நேபாளம், டார்ஜிலிங் மலைகளின் ராய், லிம்பு குடும்பங்களிலிருந்து. 1999 ஜூலையில், கார்கில் போரில், காலூபார் முகட்டைப் பிடிக்க கேப்டன் மனோஜ் குமார் பாண்டேயின் பின்னால் ஏறியவர்கள் அந்தப் பிள்ளைகள்தான். அதே கிழக்கு மலைகளில், நேபாளத்தின் இலாமில், 1863லிருந்து தேயிலை விளைகிறது. பட்டாளத்துக்குப் பிள்ளையை அனுப்பிய வீட்டின் கொல்லைச் சரிவிலேயே தேயிலைச் செடியும் நிற்கும்.

சிப்பாய்க்கு ஓய்வூதியம் கிடைக்க 15 ஆண்டு சேவை வேண்டும். எங்களில் மூத்தவர் ஒருவரோடு 1971 போரில் நின்ற தாஜு ஒருவர், 9 ஆண்டு முடிந்தபோது அண்ணன் இறந்து நிலம் பார்க்க ஆளில்லாமல் தானாகவே விலகல் எழுதிக் கொடுத்து ஊர் திரும்பினார். மாதாமாதம் வரும் பணம் எதுவும் அவருக்கு இல்லை. குறுகிய காலத்துக்கு ஆள் எடுக்கும் அக்னிபத் திட்டம் வந்த 2022க்குப் பிறகு நேபாளத்திலிருந்து நம் படைக்கு ஆள் சேர்ப்பதும் நின்றுபோயிருக்கிறது. பேரன்கள் வளைகுடாவுக்குப் போகிறார்கள். கொழுந்து பறிக்கக் கிழவனும் கிழவியும்தான் மிச்சம்.

பறித்த பச்சிலை சூடேறிக் கெடுவதற்குள் தொழிற்சாலைக்குப் போய்ச் சேர வேண்டும். எடைபோடுகிறவர் சொல்வதுதான் விலை. கூடையைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வர முடியாது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை செடி உறங்கும், அப்போது அந்த விலையும் இல்லை.

அதனால் தாஜு வீட்டிலேயே தேயிலை தயாரிக்கத் தொடங்கினார். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளியதை மூங்கில் தட்டில் இரவெல்லாம் வாட வைப்பார். காலையில் சாறு கசியும்வரை உள்ளங்கையால் உருட்டுவார். இலை செம்பு நிறத்துக்கு மாறும்போது குனிந்து முகர்ந்து பார்த்து, சரியென்றால்தான் சூட்டில் உலர்த்துவார். நாலைந்து கிலோ பச்சிலை ஒரு கிலோ தேயிலையாகும். அக்கம்பக்கத்துப் பழைய பட்டாளத்து வீடுகள் சிலவும் இப்போது அவரோடு சேர்ந்திருக்கின்றன.

நாங்கள் நன்கொடை கேட்கவில்லை. கொடுத்தாலும் அவர்கள் வாங்கமாட்டார்கள். ஒருமுறை அனுப்பியதை அப்படியே திருப்பிவிட்டார்கள். ஒரு குடும்பம் மாதம் 100 கிராம் வாங்குங்கள் என்றுதான் கேட்கிறோம். ஒரு குவளைக்கு 2 கிராம் வீதம் 50 குவளை வரும். கடைத் தூளைவிட விலை கூடுதல்தான், மறைக்கவில்லை. வண்டிச் செலவு போக மீதியில் பெரும்பங்கு இலை பறித்த வீட்டுக்கு; எஞ்சியது ஓய்வூதியம் இல்லாத முதியவர்களின் மருந்துக்கு. கணக்கை யார் கேட்டாலும் காட்டுவோம்.

இன்னொன்று. பாலில் கொதிக்கவைத்து ‘தண்ணியா இருக்கே’ என்று தயவுசெய்து ஒதுக்கிவிடாதீர்கள். இது நம் டீக்கடைத் தூள் இல்லை. தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, சற்று ஆறியதும் இலையைப் போட்டு மூன்று நிமிடம் மூடிவையுங்கள். பால் வேண்டாம். அதே இலையில் இரண்டாம் முறையும் ஊற்றிக் குடிக்கலாம். எங்களுக்குப் பிடித்தது அந்த இரண்டாவதுதான்.

மார்ச்சில் முதல் கொழுந்து எடுப்பார்கள். விருப்பமுள்ளவர்கள் அதற்குள் பெயர் கொடுத்துவிட்டால், எவ்வளவு இலையைத் தொழிற்சாலைக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று தாஜுவுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவோம்.