தெரு முதலில், வீடு பிறகு

மாந்தோப்புகளுக்குப் பெயர் பெற்ற முதலமடையில் ஒரு தோப்பு வீட்டுமனையானால், அதன் நடுவே ஒரு தெரு வரும். அடுத்த தோப்பும் மனையானால் அங்கும் ஒரு தெரு வரும். இரண்டையும் இணைக்காவிட்டால் இரண்டும் முட்டுச்சந்துகளே. வேலிக்கு அப்பால் வாழும் நண்பனைக் காணப் பெருஞ்சாலைவரை சென்று சுற்றிவர வேண்டும். நடக்கும் தொலைவுக்கும் வண்டி தேவைப்படும்.

ஊர் வளர்வது தவறன்று. மதுரையும் வளர்ந்த ஊர்தான். அங்குக் கோயிலைச் சூழ்ந்து சித்திரை, ஆவணி மூலம், மாசி என வீதிகள் ஒன்றையடுத்து ஒன்றாக அமைந்துள்ளன. 1840-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மாவட்ட ஆட்சியர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தார். அவ்விடத்தில் வெளி வீதிகள் தோன்றின. மாசி வீதியிலிருந்து அங்குச் செல்லக் குறுக்குத் தெருக்கள் பல உண்டு. நெரிசலும் உண்டு, ஆயினும் வழி அடைபட்டால் மாற்றுவழி இருக்கிறது.

வீட்டை இடித்துக் கட்டலாம். தெருவை மாற்றுவது எளிதன்று. வீடுகள் எழுந்தபின் வழி கேட்டால் எவர் சுவரை இடிப்பது? ஆகவே, மனைகளுக்கு ஒப்புதல் தரும்போதே, பக்கத்து நிலத்தை நோக்கிய தெருமுனையைத் திறந்துவைக்குமாறு ஊராட்சி பணிக்க வேண்டும். விற்பவருக்கு ஒரு மனை குறையலாம். குறையட்டும்.