வெனிஸ் ஊருக்குள் நுழையவே டிக்கெட்: யார் கட்டணும், என்ன பார்க்கலாம், கூட்டம் குறைஞ்சுதா?

அருங்காட்சியகத்துக்கு டிக்கெட் எடுப்போம், அரண்மனைக்கு எடுப்போம். ஒரு ஊருக்குள் கால் வைக்கவே டிக்கெட் எடுக்கணும்னா? இத்தாலியின் வெனிஸ் நகரத்தில் 2024 ஏப்ரல் 25-ல் இது நடைமுறைக்கு வந்தது. காலையில் வந்து மாலையில் திரும்பும் பயணிகளிடம் நுழைவுக் கட்டணம் வாங்கும் முதல் பெரிய நகரம் வெனிஸ்தான்.

ஐரோப்பாவுக்கு டூர் போகிறவர்களின் பட்டியலில் பாரிஸ், ரோம் போலவே வெனிஸும் கட்டாயம் இருக்கும். பெரும்பாலான பேக்கேஜ் டூர்களில் இந்த ஊருக்கு ஒதுக்கப்படுவது சில மணி நேரம்தான். பிரச்சினையே அங்குதான் ஆரம்பிக்கிறது.

கட்டணம் எவ்வளவு? எப்போது?

ஆண்டு முழுக்க இந்தக் கட்டணம் கிடையாது. 2024-ல் சோதனை முயற்சியாக 29 நாட்கள் மட்டும், தலைக்கு 5 யூரோ, நம்ம காசுக்கு ஏறத்தாழ 500 ரூபாய் வாங்கினார்கள். 2025-ல் இது 54 நாட்களானது. 2026-க்கு 60 நாட்கள் என அறிவிக்கப்பட்டது. ஏப்ரல் முதல் ஜூலை வரை கூட்டம் அதிகமாக இருக்கும் வார இறுதிகளும் விடுமுறை நாட்களுமே பெரும்பாலும் தேர்ந்தெடுக்கப்படுகின்றன.

2025 முதல் இன்னொரு மாற்றம் வந்தது. குறைந்தது 4 நாட்களுக்கு முன்பே பதிவு செய்தால் 5 யூரோ. கடைசி நேரத்தில் எடுத்தால் 10 யூரோ.

காலை 8.30 முதல் மாலை 4 மணி வரைதான் இது பொருந்தும். 4 மணிக்கு மேல் போனால் கட்டணமே இல்லை. ஆன்லைனில் பதிவு செய்தால் செல்போனுக்கு க்யூஆர் கோடு வரும். சாந்தா லூசியா ரயில் நிலையம் போன்ற நுழைவு இடங்களில் ஊழியர்கள் அதைச் சோதிப்பார்கள். கோடு இல்லாமல் மாட்டினால் 50 முதல் 300 யூரோ வரை அபராதம்.

யார் கட்ட வேண்டாம்?

வெனிஸ் மாநகராட்சி எல்லைக்குள் இரவு தங்குகிறவர்கள் கட்ட வேண்டியதில்லை. அவர்கள் ஏற்கெனவே ஹோட்டலில் சுற்றுலா வரி கட்டுகிறார்கள். ஆனால் விலக்கு உண்டு என்பதற்கான இலவச க்யூஆர் கோடை ஆன்லைனில் எடுத்து வைத்துக்கொள்ளணும்.

இதில் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்: கடலுக்கு இந்தப் பக்கம், நிலப்பகுதியில் இருக்கும் மெஸ்ட்ரேயும் அதே மாநகராட்சிதான். அங்கே தங்கினாலும் விலக்கு உண்டு. பக்கத்து ஊரான பதுவாவிலோ மிலானிலோ தங்கி, பகலில் வந்து போனால் கட்டணும்.

14 வயதுக்குட்பட்ட குழந்தைகள், அங்கே வேலை பார்ப்பவர்கள், படிக்கும் மாணவர்கள் ஆகியோருக்கும் விலக்கு இருக்கிறது. முரானோ, புரானோ போன்ற சிறு தீவுகளுக்கு இந்தக் கட்டணம் பொருந்தாது.

எதுக்கு இந்தக் கட்டணம்?

வெனிஸ் 118 சிறு தீவுகள் மேல் நிற்கும் ஊர். 400-க்கும் மேற்பட்ட பாலங்கள் அந்தத் தீவுகளை இணைக்கின்றன. உள்ளே கார், பைக் எதுவும் ஓடாது. நடக்கணும், இல்லையென்றால் படகு. சந்துகள் பலவற்றில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தாலே ஒதுங்கித்தான் போகணும். இந்த ஊருக்கு ஆண்டுக்கு 2 கோடிக்கும் மேற்பட்டோர் வருவதாக மதிப்பிடப்படுகிறது. அதில் பெரும்பாலானோர் இரவு தங்காதவர்கள்.

மறுபக்கம், ஊர்க்காரர்கள் வெளியேறிக்கொண்டே இருக்கிறார்கள். 1951-ல் பழைய நகரப் பகுதியில் சுமார் 1,75,000 பேர் வசித்தார்கள். 2022-ல் அது 50,000-க்குக் கீழே போய்விட்டது. ரியால்டோ பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக்கடை ஜன்னலில் இந்த எண்ணிக்கையைக் காட்டும் மின்னணுப் பலகை 2008 முதல் இருக்கிறது. எண் இறங்குவதை ஊரே பார்க்கிறது.

காரணம் சிக்கலானது இல்லை. ஒரு வீட்டை உள்ளூர் குடும்பத்துக்கு மாத வாடகைக்கு விடுவதைவிட, சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விட்டால் வருமானம் அதிகம். குடும்பங்கள் போனால் மளிகைக்கடை போகும், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் குறைவார்கள். அந்த இடத்தில் முகமூடியும் காந்த ஸ்டிக்கரும் விற்கும் கடை வரும்.

கூட்டம் குறைஞ்சுதா?

முதல் ஆண்டில் சுமார் 4.85 லட்சம் பேர் கட்டணம் கட்டினார்கள். சுமார் 24 லட்சம் யூரோ வசூலானது. 2025-ல் அது சுமார் 54 லட்சம் யூரோவாக உயர்ந்தது. வசூல் கூடியது உண்மை. கூட்டம் குறைந்ததா என்பதில்தான் சண்டை.

கட்டணத்தைக் கொண்டுவந்தபோது மேயராக இருந்த லூய்ஜி புருன்யாரோ, இது பணம் சேர்க்க இல்லை, கூட்டத்தை ஒழுங்குபடுத்தத்தான் என்றார். ஆனால் முதல் சில நாட்களிலேயே, முந்தைய ஆண்டைவிட அதிகம் பேர் வந்ததாக எதிர்க்கட்சிக் கவுன்சிலர்கள் கணக்குக் காட்டினார்கள். திட்டம் தொடங்கிய அன்றே உள்ளூர் மக்கள் நூற்றுக்கணக்கில் போராட்டம் நடத்தினார்கள். "டிக்கெட் வைத்தால் எங்கள் ஊர் தீம் பார்க் ஆகிவிடும்" என்பது அவர்கள் வாதம்.

யோசித்துப் பார்த்தால் இதில் நியாயம் இருக்கிறது. பல ஆயிரம் மைல் பறந்து, விசாவுக்கும் விமானத்துக்கும் லட்சக்கணக்கில் செலவழித்து வருகிறவர், 500 ரூபாய்க்காகத் திரும்பிப் போவாரா? மாட்டார். பக்கத்து ஊர்க்காரர் வேண்டுமானால் தேதியை மாற்றிக்கொள்ளலாம். எத்தனை பேர் வருவார்கள் என்பது முன்கூட்டியே தெரிவதுதான் நகர நிர்வாகத்துக்குக் கிடைத்த உறுதியான லாபம். உள்ளே நுழைவோருக்கு உச்சவரம்பு எதுவும் கிடையாது.

கட்டணம் தவிர வேறு நடவடிக்கைகளும் இருக்கின்றன. 2021 ஆகஸ்ட் முதல் 25,000 டன்னுக்கு மேற்பட்ட சொகுசுக் கப்பல்கள் ஜுதேக்கா கால்வாய்க்குள் வர முடியாது. 2024 முதல் வழிகாட்டியோடு வரும் குழுவில் 25 பேருக்கு மேல் கூடாது, ஒலிபெருக்கியும் கூடாது.

போனால் என்ன பார்க்கலாம்?

எல்லாரும் போகும் இடம் சான் மார்கோ சதுக்கம். தங்க மொசைக் நிறைந்த தேவாலயம், டோஜே அரண்மனை, 98.6 மீட்டர் உயர மணிக்கூண்டு மூன்றும் அங்கேதான். அந்த மணிக்கூண்டு 1902-ல் இடிந்து விழுந்து, 1912-ல் அதே இடத்தில் அதே வடிவில் மீண்டும் கட்டப்பட்டது. காலை சீக்கிரமோ, மாலை தாமதமாகவோ போனால் சதுக்கத்தை நிம்மதியாகப் பார்க்கலாம். அதற்கு ஒரு ராத்திரி தங்கணும்.

காலையில் ரியால்டோ மீன், காய்கறிச் சந்தை. சான் ரோக்கோ மண்டபத்தில் டிண்டொரெட்டோ 20 ஆண்டுகளுக்கும் மேலாக வரைந்த ஓவியங்கள். கன்னரேஜியோ பகுதியில் 1516-ல் யூதர்களை ஒதுக்கி வைத்த கெட்டோ. உலகம் முழுக்கப் பயன்படும் அந்தச் சொல் பிறந்த இடமே இதுதான். 1291-ல் தீ விபத்துக்குப் பயந்து கண்ணாடி உலைகளை மாற்றிய முரானோ தீவுக்குப் படகில் போகலாம்.

தமிழருக்கு ஒரு தொடர்பும் உண்டு. 1271-ல் இந்த ஊரிலிருந்து கிளம்பிய மார்கோ போலோவின் பயணநூலில்தான் பாண்டிய நாட்டு முத்துக்குளிப்பும் காயல் துறைமுகமும் பேசப்படுகின்றன.

கோண்டோலா படகுக்கு பகலில் அரை மணி நேரத்துக்கு 90 யூரோ என்பது அதிகாரப்பூர்வக் கட்டணம். அவ்வளவு செலவு வேண்டாம் என்றால், பெரிய கால்வாயைக் குறுக்கே கடக்கும் ட்ராகெட்டோ படகில் 2 யூரோவுக்கு ஏறலாம். அதுவும் கோண்டோலா மாதிரிதான், நிமிடங்களில் அக்கரை.

இனி என்ன?

குறுகிய கால வாடகை வீடுகளைக் கட்டுப்படுத்த வெனிஸுக்குத் தனி அதிகாரம் கொடுத்து 2022-ல் இத்தாலிய நாடாளுமன்றம் சட்டம் செய்தது. அதை நகர நிர்வாகம் முழுமையாகப் பயன்படுத்தவில்லை என்பதுதான் குடியிருப்போரின் முக்கியக் குற்றச்சாட்டு. நுழைவுக் கட்டணம் வாசலில் வருகிறவர்களை எண்ணுகிறது. வாடகைச் சட்டம் வீட்டைக் காப்பாற்றும் என்கிறார்கள் அவர்கள். கட்டணத்தை 5-லிருந்து 10 ஆக்குவது சுலபம். வாடகை வீடுகளில் கை வைத்தால், அதில் வருமானம் பார்க்கும் உள்ளூர் வீட்டுக்காரர்களின் ஓட்டு போகும். அதனால்தான் அது தள்ளிப்போகிறது.