மதிப்பும் மௌனமும்

லால்குடியிலிருந்து கொள்ளிடத்தையும் காவிரியையும் கடந்தால் திருச்சி. 1919-இல் உருவான தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையின் தலைமையிடம் அங்கேதான் உள்ளது. பெற்றோரை மதிக்கச் சொல்லும் கட்டளை லுத்தரன்களுக்கும் கத்தோலிக்கர்களுக்கும் நான்காவது. தென்னிந்தியத் திருச்சபையினருக்கு ஐந்தாவது. எண் மாறினாலும் பயன்பாடு மாறுவதில்லை. நொந்த பிள்ளையின் வாயை அடைக்கவே நம் வீடுகளில் அதைப் பெரும்பாலும் எடுத்தாளுகிறோம்.

லுத்தரன் சபைக்குப் பெயர் தந்த மார்ட்டின் லூத்தரும் இதற்குத் தப்பவில்லை. தந்தை ஹான்ஸின் விருப்பத்தை மீறி 1505-இல் எர்ஃபுர்ட் மடத்தில் சேர்ந்தார். 1507-இல் அவர் முதல் பூசை நிறைவேற்றிய நாளில், தந்தை இக்கட்டளையைச் சொல்லியே இடித்துரைத்தார். 1521-இல் துறவற வாக்குகள் பற்றிய நூலைத் தந்தைக்கே காணிக்கையாக்கிய மகன், அவர் சொன்னதில் நியாயம் இருந்ததை ஒப்புக்கொண்டார். ஆயினும், சிறுவயதில் ஒரு கொட்டைக்காகத் தாய் இரத்தம் வர அடித்ததைப் பிற்காலத்தில் வெளிப்படையாகவே சொன்னார். 1530-இல் நோயுற்ற தந்தைக்கு ஆறுதல் மடல் எழுதினார். அவர் இறந்த செய்தி கேட்டுச் சங்கீதப் புத்தகத்துடன் அறைக்குள் சென்று அழுதார்.

மதிப்பதென்பது காயத்தை மறைப்பதன்று. மன்னிப்பதென்பது மீண்டும் அடிவாங்கச் சம்மதிப்பதுமன்று. உண்மையைச் சொல்லிக்கொண்டே அன்பு செலுத்த இயலும். தேவையெனில் சற்று விலகி நின்றும் செலுத்தலாம். எபேசியர் நிருபத்தின் ஆறாம் அதிகாரம் பிள்ளைகளுக்குக் கீழ்ப்படிதலைச் சொன்ன கையோடு, அவர்களைக் கோபமூட்ட வேண்டாமென்று தந்தையரையும் எச்சரிக்கிறது. முன்னதை மட்டும் உரக்கப் படிக்கும் நாம், பின்னதை எப்போது படிக்கப்போகிறோம்?