ஒட்டலாமா, மாற்றலாமா?

- இயந்திரவியல் இரண்டாம் ஆண்டு மாணவன், பிள்ளைச்சாவடி



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டதும் நண்பர்கள் பலர் இளைஞர் கடமை, நாட்டு முன்னேற்றம் என்று பேனாவைத் திறந்துவிட்டார்கள். நான் மீன் தொட்டியைப் பற்றி எழுதப் போகிறேன். சிரிக்காதீர்கள்! கடலுக்குப் பக்கத்திலேயே வீட்டை வைத்துக்கொண்டு, கண்ணாடிப் பெட்டியில் மீன் வளர்க்கிற ஊர் எங்கள் பிள்ளைச்சாவடி. "வலையில வர்றது பத்தாதா, இதுக்கு வேற தீனி வாங்கிப் போடணுமா?" என்று அப்பா கேட்பார். ஆனாலும் எங்கள் தெருவில் மட்டும் நாலு வீட்டில் தொட்டி இருக்கிறது.

அதில் ஒன்று மாமா வீட்டுத் தொட்டி. நீளம் 3 அடி, அகலம் 1 அடி, உயரம் ஒன்றரை அடி. போன கோடை விடுமுறையில் அதன் அடிக்கண்ணாடியில் ஒரு விரிசல். மூலையில் தொடங்கி நாலு விரற்கடை நீளம். சொட்டுச் சொட்டாக ஒழுகியது. மாமா என்னைக் கூப்பிட்டார். "புதுசு மூவாயிரத்துக்கு மேல ஆவும்ன்றான் கடைக்காரன். நீதான் டிப்ளமா படிக்கிற. சொல்லு, ஒட்டலாமா, மாத்தலாமா?"

எங்கள் குடும்பத்தில் இதற்கு முன் யாரும் பத்தாம் வகுப்பைத் தாண்டியதில்லை. கரண்டு பில்லில் இருந்து காய்ச்சல் மாத்திரை வரை என்னைத்தான் கேட்பார்கள். 'தெரியாது' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தொட்டிக்குக் கீழே குனிந்துகூடப் பார்க்காமல், "சிலிக்கான் பேஸ்ட் போட்டா போதும் மாமா" என்று சொல்லிவிட்டேன். நானே போட்டும் கொடுத்தேன்.

பதினோராம் நாள் ராத்திரி அடிக்கண்ணாடி இரண்டாகப் பிளந்தது. தண்ணீர் மொத்தமும் தரையில். மோட்டார் செருகியிருந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் அதே தரையில்! சத்தம் கேட்டு அத்தை வெறுங்காலோடு ஓடிவந்தாங்க. மாமா அவங்க கையைப் பிடித்து இழுத்து நிறுத்திவிட்டு, முதலில் மெயினை அணைத்தார். மீன்களில் பாதிக்கு மேல் போய்விட்டது. யாரும் என்னைத் திட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

பிறகுதான் நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். அந்தத் தொட்டி நிரம்பினால் சுமார் 127 லிட்டர் தண்ணீர். அதாவது அடிக்கண்ணாடியின் மேல் 127 கிலோ, ஏறக்குறைய இரண்டு ஆள் எடை! முன்பக்கக் கண்ணாடியைத் தண்ணீர் தள்ளுகிற விசை சுமார் 95 கிலோ. இதெல்லாம் நாம் ஹைட்ராலிக்ஸில் படித்து, தேர்வு எழுதி, மறந்துபோன பாடம்தான். ஆழம் பாதியானால் பக்கக் கண்ணாடியின் மேல் விசை கால்பங்காகிவிடும். ஆகவே ஒழுகல் கண்டவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை, பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தண்ணீரைப் பாதியாவது இறைத்துவிடுவது. ஒட்டுவதா மாற்றுவதா என்ற பஞ்சாயத்தை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். இணைப்பில் ஒழுகினால் ஒட்டலாம். கண்ணாடியே விரிந்தால், அதுவும் அடிக்கண்ணாடியாக இருந்தால், அந்தக் கண்ணாடியை மாற்றித்தான் ஆக வேண்டும். சிலிக்கான் ரப்பர் மாதிரி. இரண்டு கண்ணாடியைச் சேர்த்துப் பிடிக்கும், தண்ணீரை அடைக்கும். ஆனால் வளைகிற கண்ணாடியின் பாரத்தை விரிசலுக்குக் குறுக்கே அது தாங்காது. விரிசலின் நுனியில்தான் தகைவு குவிகிறது. தண்ணீரை மாற்றும்போதெல்லாம் பாரம் ஏறி இறங்க, விரிசல் கொஞ்சம் கொஞ்சமாக ஓடும்.

ஜெர்மனியில் பெர்லின் நகரத்து ஓட்டல் ஒன்றில் 'அக்வாடோம்' என்று பெரிய உருளைத் தொட்டி இருந்தது. 10 லட்சம் லிட்டர் தண்ணீர், சுமார் 1500 மீன்கள். 2020-இல்தான் புதுப்பித்து முடித்திருந்தார்கள். 2022 டிசம்பர் 16 விடியற்காலை அது வெடித்துச் சிதறியது. இணைப்பில் கோளாறா, அக்ரிலிக்கிலேயே கோளாறா, புதுப்பித்தபோது வந்த கோளாறா என்று ஆராய்ந்தும் ஒரே காரணத்தை உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மறுபடி அங்கே தொட்டி கட்டுவதில்லை என்று உரிமையாளர்கள் முடிவு செய்துவிட்டார்கள். வேலை முடித்த இன்ஜினியர்களுக்கே அப்படி என்றால், இரண்டாம் ஆண்டு மாணவன் குனிந்து பார்க்காமல் தீர்ப்புச் சொன்னால் எப்படி இருக்கும்?

சரி, இணைப்பில்தான் ஒழுகுகிறது, எப்படி ஒட்டுவது? பழைய சிலிக்கான் மேலேயே புதுசைப் பூசினால் பிடிக்காது. பிளேடால் பழசை மிச்சமில்லாமல் சுரண்டி, துடைத்து, நன்றாகக் காயவிட்டு, அப்புறம்தான் புதுசு. இதைப் படித்துவிட்டு அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் பீடியை அணைத்துவிட்டுச் சொன்னார்: "பைபர் போட்டுக்கு ஒட்டுப் போடறப்ப இன்னா பண்றோம்? பழசத் தேய்ச்சு எடுத்துட்டுத்தானேடா மேட்ட வச்சு ரெசின் ஊத்தறோம். ஈரத்து மேல எதுவும் ஒட்டாது. இதக் கேக்கணும்னா என்னக் கேட்டிருக்கலாமே!" கேட்டிருக்கலாம்தான்.

பாத்ரூம் ஓரத்துக்கு அடிக்கிற, பூஞ்சை பிடிக்காத மருந்து கலந்த சிலிக்கானை மட்டும் வாங்கிவிடாதீர்கள். மீனுக்கு ஆகாது. மருந்து கலக்காததுதான் வேண்டும். வினிகர் வாடை முழுக்கப் போகும் வரை, ஒரு வாரமானாலும், தண்ணீர் ஊற்றக் கூடாது.

இன்னொன்று, விரிசல் ஏன் வந்தது? குனிந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஸ்டாண்டின் ஒரு கால் தரையில் படவே இல்லை! தொட்டிக்கு அடியில் தெர்மகோலும் இல்லை. காரணத்தை விட்டுவிட்டு விரிசலை மட்டும் அடைத்திருக்கிறேன். இதை நாங்கள் புதுசாகக் கற்க வேண்டியதில்லை. புதுச்சேரித் துறைமுகத்துக்கு 1980-களின் இறுதியில் அலைத்தடுப்புச் சுவர் கட்டியதில் வடக்கே வர வேண்டிய மணல் நின்றுபோய், எங்கள் கரையைக் கடல் அரிக்கிறது. விரிந்த சுவருக்கு சிமெண்ட் பூசிப் பயன் என்ன? கீழே மண் போய்க்கொண்டிருக்கிறதே!

கடைக்காரர் சொல்கிற மாதிரி 'எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கு' என்பதையும் நான் ஏற்கவில்லை. பில்டர் ஸ்பாஞ்சிலும் கூழாங்கல்லிலும் பாக்டீரியா குடியிருக்கிறது. மீன் கழிவில் வருகிற அம்மோனியாவை நைட்ரைட்டாக்கி, நைட்ரேட்டாக்குவது அதுதான். புதுத் தொட்டியில் அது பெருக ஒரு மாதத்துக்கு மேலும் ஆகலாம். அதற்குள் மீன் ஒவ்வொன்றாகச் சாகும். 'தண்ணி ஒத்துக்கல' என்போம். தொட்டியை மாற்றினாலும் ஸ்பாஞ்சைப் பழைய தொட்டித் தண்ணீரிலேயே ஊறப்போட்டு எடுத்து வையுங்கள். குழாய்த் தண்ணீரில் அலசிவிடாதீர்கள், குளோரின் கொன்றுவிடும்.

மாமா வீட்டில் உடைந்தது அடிக்கண்ணாடி மட்டும்தான். பக்கக் கண்ணாடி நாலும் நன்றாக இருந்தன. கண்ணாடிக் கடையில் ஒரே ஒரு அடித்துண்டு வெட்டி வாங்கினோம். அப்பா சுரண்டினார், நான் ஒட்டினேன். ஸ்டாண்டை மட்டம் பார்த்து, தெர்மகோல் போட்டு, எக்ஸ்டென்ஷன் பாக்ஸை ஆணி அடித்துச் சுவரில் ஏற்றி, பத்து நாள் முற்றத்தில் வைத்து வெறும் தண்ணீரோடு சோதித்த பிறகுதான் உள்ளே கொண்டுபோனோம். செலவு புதுத் தொட்டி விலையில் கால்பங்குகூட இல்லை.

இப்போது அதில் முக்கால் அளவுதான் தண்ணீர். முழுக்க ஊற்றலாம், ஒன்றும் ஆகாது என்று கணக்கைக் காட்டிச் சொல்லிப் பார்த்தேன். அத்தை விடமாட்டேன் என்கிறாங்க. முக்கால் என்றால் பக்கக் கண்ணாடிக்குப் பாதி விசைக்குச் சற்று மேல்தான் வருகிறது. நானும் வற்புறுத்தவில்லை.