விலைக்கு வாங்கும் ஞாபக சக்தி

கம்பம் பள்ளத்தாக்கில் இன்று கல்யாணமென்றாலும் காதுகுத்தென்றாலும் வீடியோ எடுக்காதவர் இல்லை. சித்திரை மாதம் வீரபாண்டிக் கௌமாரியம்மன் திருவிழாவுக்குப் போனால், அம்மனை நேரில் தரிசிப்பவர்களைவிடச் செல்போன் வழியாகத் தரிசிப்பவர்களே அதிகமோ என்று நமக்குச் சந்தேகம் உண்டாகிறது. எடுப்பதெல்லாம் சரிதான். எடுத்ததை வெட்டி ஒட்டி, வீட்டார் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்க்கத்தக்க படமாகச் செய்கிறவர்கள் எத்தனை பேர்? பாட்டியின் தாலாட்டும் பேரனின் முதல் நடையும் செல்போனுக்குள்ளேயே உறங்குகின்றன. செல்போன் கெட்டால் அவையும் போயின!

இந்த வேலைக்கு வீட்டுக் கம்ப்யூட்டரில் "ரேம்" எவ்வளவு வேண்டும் என்று பிள்ளைகளின் பெற்றோர்கள் நம்மைக் கேட்கிறார்கள். பள்ளிக்கூட உபாத்தியாயருக்குத் தெரியாத விஷயமே கிடையாது என்ற பழைய நம்பிக்கை இன்னும் போகவில்லை போலிருக்கிறது.

லோயர் காம்ப்பிலிருந்து பழனிசெட்டிபட்டி வரை இருபோகம் நெல் விளைகிற பூமியில் இதை விளக்குவது சுலபம். டிஸ்க் என்பது குதிர். ரேம் என்பது களம். குதிரில் அடங்கிக் கிடக்கும் நெல்லை அவித்துக் காயப்போட வேண்டுமானால் களத்தில்தான் விரிக்க வேண்டும். களம் சிறிதானால் கொஞ்சம் விரிப்பதும், அதை அள்ளிக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு மறுபடி கொஞ்சம் விரிப்பதுமாகவே பொழுது போய்விடும். ரேம் நிரம்பிய கம்ப்யூட்டரும் இப்படித்தான் டிஸ்கில் இறக்கி ஏற்றிக்கொண்டு தவிக்கிறது. படம் திக்கித் திக்கி ஓடுகிறது. விளம்பரத்தில் "512 ஜி.பி." என்று கொட்டை எழுத்தில் கண்டு மயங்குகிறோமே, அது குதிரின் அளவு. களத்தின் அளவைத் தேடிப் படிக்க வேண்டும்.

எவ்வளவு களம் வேண்டும்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். 4-கே படத்தின் ஒவ்வொரு பிரேமிலும் 3840-க்கு 2160 புள்ளிகள். ஏறக்குறைய 83 லட்சம். புள்ளிக்கு 4 பைட் வீதம் ஒரு பிரேம் 33 எம்.பி. வினாடிக்கு 30 பிரேம் ஓடினால் கிட்டத்தட்ட 1 ஜி.பி.! செல்போனில் சுருங்கிக் கிடந்த படம், வெட்டுவதற்காக விரிக்கும்போது இந்தப் பருமன் அடைகிறது. ஃபுல் ஹெச்.டி. படமானால் இதில் நாலில் ஒரு பங்குதான்.

ஆகவே, வீட்டு விசேஷங்களை ஃபுல் ஹெச்.டி.யில் வெட்டி ஒட்டுவதற்கு 16 ஜி.பி. போதும் என்பது நம் அபிப்பிராயம். எட்டே போதும் என்பவர்கள், விண்டோஸும் பிரௌசருமே அதில் பெரும்பங்கைத் தின்றுவிடுவதை மறந்தவர்கள். 4-கேயில் இரண்டு மூன்று படங்களை அடுக்கி ஜாலவித்தை காட்ட விரும்புவோருக்கு 32 வேண்டும். இலவசமாகவும் கிடைக்கும் டாவின்சி ரிசால்வைச் செய்தவர்களே 16 என்றும், அதன் ஃப்யூஷன் பகுதிக்கு 32 என்றும்தான் சொல்கிறார்கள். அறுபத்துநான்கு வாங்கச் சொல்லும் கடைக்காரருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வரலாம். விளக்கு எரியும் ரேமும் விற்கிறார்கள், தீபாவளிக்கு உதவும்.

இவ்வளவு கணக்குப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. 2025-ஆம் வருஷக் கடைசியில், போடியில் ஏலக்காய் ஏலத்தைக் கண்டு பழகியவர்களும் மலைக்கும்படி ரேம் விலை ஏறிற்று. செயற்கை அறிவுக்காகக் கட்டும் பிரம்மாண்டமான டேட்டா சென்டர்கள் சில்லுகளை வாரிக்கொண்டு போகின்றன. உலகத்துக்குப் பெரும்பாலும் சில்லு செய்து கொடுப்பவை சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான் என்னும் மூன்றே கம்பெனிகள். மைக்ரானோ, வீட்டுக்காரர்களுக்கு விற்றுவந்த "குருஷியல்" வியாபாரத்தையே விட்டுவிடப் போவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. குஜராத்தில் சானந்தில் அமைப்பதாக 2023-இல் அது அறிவித்த ஆலையும், சில்லுகளைப் பொதிந்து சோதிப்பதற்கே. சுதேசிச் சில்லுதான் வேண்டும் என்று விரதம் பூண்டவர் இப்போதைக்குப் பட்டினிதான்.

நிற்க. பணத்தை எடுக்குமுன் ஒரு சோதனை செய்யுங்கள். படத்தை வெட்டிக்கொண்டிருக்கும்போதே கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒருங்கே அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் மெமரிக் கணக்கைப் பாருங்கள். நூற்றுக்குத் தொண்ணூறைத் தாண்டி நின்றால் ரேம் வாங்குவது நியாயம். அறுபதிலேயே நின்றுகொண்டு படம் திக்கினால் குற்றவாளி பெரும்பாலும் வேறு. செல்போன்கள் பல ஹெச்.இ.வி.சி. முறையில் படத்தை இறுக்கிக் கட்டிவிடுகின்றன. கட்டை அவிழ்ப்பதற்குள் பழைய பிராசஸருக்கு மூச்சு வாங்குகிறது. இதற்கு மருந்து "பிராக்ஸி." அதாவது சின்ன நகல் ஒன்றைச் செய்து அதில் வெட்டி ஒட்டிவிட்டு, முடிவில் அசலிலிருந்து படத்தை எடுப்பது. ரிசால்விலும் கேடன்லைவிலும் இந்த வசதி உண்டு. காலணாச் செலவில்லை!

வாங்கியே தீரவேண்டுமென்றால், டி.டி.ஆர். 4 இருந்த இடத்தில் டி.டி.ஆர். 5 பொருந்தாது, மேஜைக் கம்ப்யூட்டரின் ரேம் லாப்டாப்புக்கு ஆகாது. சில லாப்டாப்புகளில் ரேமைப் பற்றவைத்தே விடுகிறார்கள். அவற்றை வாங்குகிற அன்றே 16 ஜி.பி. உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். ஒற்றைப் பதினாறைவிட இரண்டு எட்டுகள் வேகமானவை. ஆயினும் பிற்பாடு 32 ஆக்கும் உத்தேசமிருந்தால், ஒற்றைப் பதினாறு வாங்கி ஓரிடத்தைக் காலியாக வைத்திருப்பதே, இன்றைய விலையில், நமக்கு உசிதமாகத் தோன்றுகிறது. தேனிக் கடைக்குப் போகும்போது கம்ப்யூட்டரையும் கையோடு கொண்டுபோய், புதிய ரேமை மாட்டி, முழு அளவும் திரையில் தெரிகிறதா என்று பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.