கோப்பை கழுவும் இயந்திரமும் திருத்தும் உரிமையும்

2024 ஜூனில் ஐரோப்பிய ஒன்றியம் நிறைவேற்றிய திருத்தும் உரிமை தொடர்பான பணிப்புரையை உறுப்பு நாடுகள் 2026 ஜூலை 31 முதல் நடைமுறைப்படுத்த வேண்டும். சலவை இயந்திரம், குளிர்சாதனப் பெட்டி, கைத்தொலைபேசி ஆகியவற்றோடு வீட்டில் பாவிக்கும் கோப்பை கழுவும் இயந்திரமும் அதன் பட்டியலில் இருக்கிறது. பிரான்சிலும் ஜேர்மனியிலும் வாழும் எங்கள் குடும்பங்களின் சட்டைப்பையோடு சம்பந்தப்பட்ட விடயம் இது. ஆனால் இதைப் பற்றி எங்கள் ஆட்கள் பேசுவதை நான் அதிகம் கேட்கவில்லை.

'கோப்பை கழுவுதல்' என்ற சொல்லுக்கு எங்களிடம் தனி வரலாறு உண்டு. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் அகதியாகப் போய் இறங்கியவர்களில் பலருக்கு முதல் வேலை உணவகச் சமையலறையின் பின்பக்கத்தில்தான் கிடைத்தது. அந்தக் காசில்தான் இங்கே தங்கச்சிமாரின் கலியாணமும், தம்பிமாரின் பயணமும், இடம்பெயர்ந்தவர்களின் உலையும் நடந்தன. அங்கே நின்ற இயந்திரங்கள் முரட்டு இயந்திரங்கள். ஓரிரு நிமிடத்தில் ஒரு தட்டு கோப்பைகளைக் கழுவி, 80 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சுடுநீரால் அலசித் தள்ளிவிடும். இரவு வேலை முடிந்ததும் தண்ணீர் தெளிக்கும் கைகளைக் கையாலேயே கழற்றி, வடியை எடுத்துத் தேய்த்து, தொட்டியை வெறுமையாக்கிவிட்டுத்தான் ஆட்கள் வீட்டுக்குப் போவார்கள். சூடாக்கி எரிந்தால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம். ஒரு நாள் கடை பூட்டினால் முதலாளிக்கு நட்டம் என்பதால், திருத்துவதற்கு வசதியாகவே அதைச் செய்திருந்தார்கள்.

வீட்டு இயந்திரத்தின் கதை வேறு. இந்த வகைச் சாதனங்களைத் திருத்தும் தொழிலில் ஐரோப்பாவில் பல வருடம் நின்றவன் என்ற வகையில், உள்ளே நடப்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். இதைப் புரிந்துகொள்ளாமல் சட்டத்தின் பெறுமதியும் புரியாது.

இயந்திரம் தொட்டி நிறையத் தண்ணீர் எடுப்பதில்லை. ஒரு தடவையில் சில லீற்றர்தான் எடுக்கும். அந்தத் தண்ணீரையே சுற்றுப்பம்பி திரும்பத் திரும்ப உறிஞ்சி, துளைகளுள்ள கைகளுக்குள் தள்ளுகிறது. கைகளைச் சுழற்றுவதற்குத் தனி மோட்டார் கிடையாது. சரிவாகப் போட்ட துளைகளால் பீறிடும் தண்ணீரின் எதிர்விசையே அவற்றைச் சுழற்றுகிறது. பல புதிய இயந்திரங்களில் ஒரு திசைமாற்றி வால்வு மேல் கைக்கும் கீழ்க் கைக்கும் மாறி மாறித் தண்ணீர் கொடுக்கிறது. அதனால் இன்னும் குறைந்த தண்ணீரில் வேலை முடிகிறது. ஒரு சின்ன ஒளிக் கருவி தண்ணீர் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்று பார்த்து, இன்னொரு தடவை அலச வேண்டுமா என்று முடிவெடுக்கிறது. சிக்கன ஓட்டம் மூன்று மணித்தியாலம் வரை இழுப்பதைக் கண்டு இயந்திரம் பழுது என்று என்னைக் கூப்பிட்டவர்கள் உண்டு. அது பழுதல்ல. மின்சாரத்தின் பெரும்பகுதி தண்ணீரைச் சூடாக்கத்தான் செலவாகிறது. ஆகவே சூட்டைக் குறைத்து, சலவைத் தூளில் உள்ள நொதியங்கள் மாப்பொருளையும் புரதத்தையும் கரைப்பதற்கு நேரத்தைக் கூட்டிக் கொடுக்கிறார்கள். 2017 ஜனவரி முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் இந்தத் தூள்களில் பொஸ்பேற்றுக்குக் கடும் கட்டுப்பாடு வந்த பிறகு நொதியங்களின் பங்கு இன்னும் கூடியது.

உப்புப் போடும் அறை ஏன் இருக்கிறது என்பதை யாழ்ப்பாணத்தாருக்கு விளக்கத் தேவையில்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் வரும் கிணற்றுத் தண்ணீர் கேத்திலின் அடியில் படியவிடும் வெள்ளையை நாங்கள் சின்ன வயதிலிருந்தே சுரண்டி வந்திருக்கிறோம். பாரிஸ் தண்ணீரும் அப்படித்தான். இயந்திரத்துக்குள் உள்ள பிசின் மணிகள் அந்தக் கல்சியத்தைப் பிடித்து வைக்கின்றன. அந்த மணிகளைத் திரும்பவும் வேலைக்கு ஏற்றதாக்குவதுதான் உப்பின் வேலை. உப்பை நிறுத்தினால் கைகளின் துளைகளும் சூடாக்கியும் மெல்ல மெல்லப் படிந்து போகும்.

இனித் திருத்தத்துக்கு வருவோம். நான் போன வீடுகளில் கணிசமானவற்றில் கோளாறு மிகச் சின்னது: அடைபட்ட வடி, வெளியேற்றும் பம்பியின் விசிறியில் சிக்கிய கண்ணாடித் துண்டு, துளைக்குள் புகுந்த பல்குத்தி. இன்னுமொன்று, அடித்தட்டில் கசிந்த தண்ணீர் மிதவையைத் தூக்கியிருக்கும். அப்போது வெள்ளம் வரக்கூடாது என்பதற்காக இயந்திரம் தண்ணீர் எடுக்கவே மறுத்து, வெளியேற்றும் பம்பியை மட்டும் ஓட்டிக்கொண்டிருக்கும். வீட்டுக்காரர் திரையில் இலக்கத்தைப் பார்த்துப் பயந்து புதியது வாங்கக் கிளம்பிவிடுவார்.

பெரிய கோளாறுகளில்தான் வடிவமைப்பின் அரசியல் தெரிகிறது. முன்பு சூடாக்கி தொட்டியின் அடியில் வெளியே தெரியும் ஒரு கம்பி. எரிந்தால் அது மட்டும் போகும். இன்று பல இயந்திரங்களில் சூடாக்கியும் சுற்றுப்பம்பியும் ஒரே பாகம். பம்பி நன்றாக ஓடினாலும் சூடாக்கி போனால் இரண்டையும் சேர்த்தே வாங்க வேண்டும். தண்ணீரும் மின்சாரமும் மிச்சம் என்பது உண்மை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மிச்சப்படுத்தியதை ஒரு பாகத்தின் விலையில் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். ஒரு முறை, ஓய்வூதியத்தில் வாழும் எங்கள் ஊர் அம்மா ஒருவருக்கு அந்தப் பாகத்தின் விலையைக் கேட்டுச் சொன்னேன். புதிய இயந்திரத்தின் விலையில் பாதியைத் தாண்டியிருந்தது. அதற்குமேல் கூலி. அவர் திருத்தவில்லை.

2021 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒழுங்குவிதி (இலக்கம் 2019/2022) இதில் பாதிக் கிணறு தாண்டியது. கதவுப் பிணைச்சல், இறப்பர் வளையங்கள், தெளிக்கும் கைகள், வடிகள், உள்தட்டுகள் ஆகியவற்றை 10 ஆண்டுகளுக்கு யாருக்கும் விற்க வேண்டும். பம்பி, மோட்டார், சூடாக்கி, மின்சுற்றுப் பலகை, மென்பொருள் போன்றவற்றை 7 ஆண்டுகளுக்குத் தொழில்முறைத் திருத்துநர்களுக்குக் கொடுக்க வேண்டும். கேட்டு 15 வேலை நாட்களுக்குள் அனுப்ப வேண்டும். ஆனால் என்ன விலைக்கு என்று அது ஒன்றும் சொல்லவில்லை. ஓட்டை அங்கேதான் இருந்தது.

புதிய பணிப்புரை அந்த ஓட்டையைத் தொடுகிறது. பட்டியலிலுள்ள சாதனங்களை உத்தரவாதக் காலம் முடிந்த பின்னரும் உற்பத்தியாளர் திருத்திக் கொடுக்க வேண்டும். பாகங்களின் விலை, திருத்தும் எண்ணத்தையே கைவிட வைக்காத நியாயமான விலையாக இருக்க வேண்டும். வேறொருவர் முன்பு கை வைத்தார் என்ற காரணத்துக்காக மட்டும் திருத்த மறுக்க முடியாது. நியாயமான காரணமின்றி மென்பொருளாலோ வடிவமைப்பாலோ திருத்தத்தைத் தடுக்கவும் முடியாது. உத்தரவாதக் காலத்துக்குள் மாற்றித் தருவதற்குப் பதிலாகத் திருத்தத்தைத் தெரிவு செய்தால் அந்தக் காலம் 12 மாதம் நீளும். 'நியாயமான விலை' எது என்பதை ஒவ்வொரு நாட்டிலும் வழக்குகள்தான் தீர்மானிக்கப் போகின்றன என்பது என் கணிப்பு. பெரிய நிறுவனங்களிடம் சட்டத்தரணிகள் இருக்கிறார்கள். எங்கள் அம்மாவிடம் இல்லை. பிரான்ஸ் ஓரளவு முன்னே நிற்கிறது. அங்கே 2022 நவம்பர் முதல் இந்த இயந்திரங்களுக்கும் திருத்தக்கூடிய தன்மைக்கான 10க்குப் புள்ளி கடையில் ஒட்டப்பட வேண்டும். அங்கீகாரம் பெற்ற திருத்துநரிடம் போனால் கட்டணத்தில் ஒரு பகுதி கழிக்கப்படுகிறது.

வடக்கு கிழக்கில் கோப்பை கழுவும் இயந்திரம் வைத்திருப்போர் மிகச் சிலர். இருந்தாலும் அதே வேகம் மாறும் மோட்டாரும் அதே மின்சுற்றுப் பலகையும் இன்று 'இன்வேட்டர்' என்ற பெயரில் சலவை இயந்திரமாகவும் குளிர்சாதனப் பெட்டியாகவும் எங்கள் வீடுகளில், பலரிடம் தவணைக் கடனில், நிற்கின்றன. மின்னழுத்தம் ஏறி இறங்கும்போதும் இடி விழும்போதும் முதலில் போவது அந்தப் பலகைதான்.

பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் துளியில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்கள் நாங்கள். பற்றரி இல்லாமல் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டவர்கள். அதை எங்கள் கெட்டித்தனம் என்று சொல்லிப் பெருமைப்படுகிறோம், சரிதான். ஆனால் காபரேற்றரைக் கழற்றிப் பார்க்க முடிந்ததும் டைனமோவின் கம்பியைக் கையால் தொட முடிந்ததும் அதற்குப் பாதிக் காரணம். கடவுச்சொல் கேட்கும் பலகையிடம் எந்தக் கெட்டித்தனமும் எடுபடாது. 2022 ஓகஸ்டில் 300 வரையான பொருட்களின் இறக்குமதியை அரசாங்கம் இடைநிறுத்திய நாட்களில், இருக்கும் சாதனத்தைத் திருத்திப் பாவிப்பதன் அருமை முழு நாட்டுக்கும் ஒரு தடவை தெரிந்தது.

இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை இயங்குகிறது. உற்பத்தியாளருக்கும் வர்த்தகருக்கும் பணிப்பு விடுக்கும் அதிகாரம் அதற்கு உண்டு. இறக்குமதியாளர் விற்ற சாதனத்துக்கு இத்தனை ஆண்டு பாகம் வைத்திருக்க வேண்டும், அதை யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் இத்தனை நாளில் அனுப்ப வேண்டும் என்று கேட்பதற்கு அரசியலமைப்பு மாற்றம் ஒன்றும் தேவையில்லை. எங்கள் நாடாளுமன்ற உறுப்பினர் எவராவது இதை எழுப்பலாம்.

ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2021 மார்ச்சுக்குப் பிறகு சந்தைக்கு வந்த இயந்திரம் உங்களிடம் இருந்து, பாகம் இல்லை என்று தொலைபேசியில் சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். 2019/2022 என்ற இலக்கத்தைக் குறிப்பிட்டு, பதிலை எழுத்தில் கேளுங்கள். மொழி வராவிட்டால் பிள்ளையிடம் சொல்லி எழுதுவியுங்கள். அந்தக் கடிதம் போன பிறகு இல்லாத பாகம் ஒரே கிழமையில் வந்து சேர்ந்ததை நான் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை கண்டிருக்கிறேன்.