நாட்டு நாயும் நம் நம்பிக்கையும்

நாட்டு நாய்க்கு நோய் அண்டாது என்னும் நம்பிக்கை நம் ஊர்களில் ஆழ வேரூன்றியிருக்கிறது. சிப்பிப்பாறையோ ராஜபாளையமோ தெருவில் பிறந்த குட்டியோ, இந்த மண்ணின் உயிர் எதையும் தாங்கும் என்கிறார்கள். குடலைத் தாக்கும் பார்வோ வைரஸைப் பொறுத்தவரை இது பெரும்பிழை என்பதே நம் கருத்து. 1978இல் கண்டறியப்பட்டு உலகெங்கும் பரவிய அந்த வைரஸ், நாயினத்துக்கே புதியது. தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த எதிர்ப்பாற்றல் என்ற வாதம் இங்கே செல்லாது.

உள்ளத்து நிகழ்வு உடலில் புலப்படுவதை மெய்ப்பாடு என்றது தொல்காப்பியம். பேச்சற்ற உயிருக்கோ நோயைச் சொல்லவும் உடலன்றி வேறு மொழியில்லை. துள்ளித் திரிந்த குட்டி மூலையில் சுருண்டு கிடக்கும். சோற்றை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். அடுத்து வாந்தி, பிறகு கடும் நாற்றத்துடன் நீர்க்கழிச்சல், பல வேளைகளில் இரத்தம் கலந்து. கொக்கிப்புழுவாலும் இரத்தக்கழிச்சல் உண்டாகும். எதுவென்று பிரித்தறிவது மருத்துவர் வேலை.

'இரண்டு நாள் பார்ப்போம்' என்று கைவைத்தியத்தில் கழிக்கும் பொழுதுதான் குட்டியைக் கொல்கிறது. வேகமாகப் பெருகும் செல்களையே இவ்வைரஸ் அழிக்கிறது. குடலின் உட்சுவர் சிதைகிறது. எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு வெள்ளணுக்கள் குறைகின்றன. நீர் வற்றியும் பாக்டீரியா இரத்தத்தில் புகுந்தும் உயிர் போகிறது. ஆகவே நரம்பு வழியே நீரேற்றுவதே முதல் மருத்துவம். வாந்தியெடுக்கும் குட்டியின் வாயில் மோரைப் புகட்டுவதும், மனிதர்க்கான கழிச்சல் மாத்திரையைக் கொடுப்பதும் தீங்கையே கூட்டும். மருத்துவம் பெறாத குட்டிகளில் மிகப் பெரும்பாலானவை மாள்கின்றன; காலத்தே பெற்றவற்றுள் பெரும்பாலானவை பிழைக்கின்றன.

தடுப்பூசியிலும் ஓர் அரைகுறை வழக்கம் உண்டு. ஒன்று போட்டாயிற்று, போதும் என்கிறார்கள். தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்புப்பொருள் குட்டியின் உடலில் இருக்கும்வரை அதுவே தடுப்பூசியின் பயனை மறிக்கும். எனவேதான் 6 முதல் 8 வார வயதில் தொடங்கி, மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை, 16 வாரம் நிரம்பும்வரை தொடரவேண்டும். நோயுற்ற குட்டி கிடந்த இடத்தில் வைரஸ் பல மாதங்கள் உயிர்த்திருக்கும். வெறும் சோப்பு நீருக்கு மசியாது. பிளீச்சிங் பவுடர் கரைசலால் கழுவவேண்டும். தடுப்பூசி முடியாத புதுக்குட்டியை அங்கே விடலாகாது.

மண்ணின் இனம் என்று பெருமை பேசுவது எளிது. அந்தப் பெருமைக்கு உரிய உயிரைக் காக்க மூன்று நான்கு ஊசிகளும் உரிய வேளையில் ஒரு பயணமும் போதும். அதைச் செய்யாத பெருமிதம் வெறும் சொல்லே.